பாயான் லெப்பாஸ் வானம்: அன்றும் இன்றும்

பாயான் லெப்பாஸில் விமானத் திடல் திறந்தது 1935-ல். அப்போது அந்த வட்டாரம் நெல் வயலும் தென்னந்தோப்பும் மலாய்க் கம்பங்களுமாக இருந்தது. மறுவருடம் மார்ச் மாதம் இம்பீரியல் ஏர்வேஸின் ‘டொராடோ’ விமானம் பினாங்கிலிருந்து கிளம்பி, சாய்கோன் வழியாகப் போய், 24-ஆம் தேதி ஹாங்காங்கில் இறங்கியது. அதில் தபால் மூட்டைகளோடு ஒரே ஒரு பயணி. டொராடோவுக்கு நான்கு இன்ஜின், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை, நடுவில் கட்டைகளும் கம்பிகளும். 1937-லிருந்து சிங்கப்பூரின் வியர்ன்ஸ் கம்பெனி விமானங்கள் வந்து போகத் தொடங்கின. அவையும் இரட்டை இறக்கைதான். ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் பினாங்குக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தது சந்தோஷத்தோடுதான். வருவது தபாலாக இருக்கும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் 1941 டிசம்பர் 11-ஐப் பார்க்க வேண்டும். அன்று ஜப்பானிய விமானங்கள் அணிவகுத்து ஜார்ஜ்டவுனுக்கு மேலே வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். குண்டு விழுந்த பிறகுதான் அவை யாருடையவை என்று தெரிந்தது. எதிர்த்துப் போக ஒரு சண்டை விமானம்கூட மேலே கிளம்பவில்லை. அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் கடைத்தெருக்களில் நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனார்கள். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி இங்கே எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பறக்கும் ஒன்றின் உருவத்தைப் பார்த்து நண்பனா எதிரியா என்று சொல்வது ஒரு படிப்பு. அந்தப் படிப்பு பினாங்கின் சாதாரண ஜனங்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. தொழிலே அதுவாக இருந்த விமானிகள்கூட அன்று தடுமாறினார்கள். மலாயா வானில் அவர்கள் அதிகம் எதிர்கொண்டது ஜப்பானிய ராணுவத்தின் ‘ஹயபூசா’. அதைக் கடற்படையின் ‘சீரோ’ என்றே பலரும் அறிக்கை எழுதினார்கள்.

தடுமாறியதில் வியப்பில்லை. இரண்டுக்கும் வட்டமான மூக்கு, தாழ அமைந்த இறக்கை, பின்னால் போகப்போக மெலியும் உடல், இறக்கையில் சிவப்பு வட்டம். அருகில் நின்றால் வேறுபாடு தெரியும். சீரோவின் விமானி அறைக் கண்ணாடி நீளமானது, நிறையச் சட்டங்கள் போட்டது. ஹயபூசாவின் கண்ணாடி குட்டையானது. சீரோவின் இறக்கையில் இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் இருந்தன. ஹயபூசாவின் இறக்கையில் துப்பாக்கியே கிடையாது, இருந்த இரண்டும் மூக்கின் மேல்புறத்தில்தான். ஆனால் மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வெயிலுக்கு எதிரே வரும்போது கண்ணாடிச் சட்டத்தை யார் எண்ணுவது?

இந்த ஹயபூசாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ்காரர்கள் அனுப்பியது அமெரிக்காவில் செய்த ‘பஃபலோ’. எண்ணெய்ப் பீப்பாய்க்கு இறக்கை வைத்ததுபோல இருக்கும். உடலின் நடுவிலிருந்து கிளம்பும் இறக்கைகள், வயிற்றுக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் சக்கரங்கள், கீழே பார்க்க அடிவயிற்றில் ஒரு ஜன்னல். இரண்டு விமானங்களின் இன்ஜினும் ஏறத்தாழ ஆயிரம் குதிரைத்திறன்தான். எடையில்தான் வித்தியாசம்: சண்டைக்குக் கிளம்பும்போது பஃபலோ சுமார் 3 டன், ஹயபூசா சுமார் 2 டன். அந்த ஒரு டன்தான் ஒன்றைக் குண்டாகவும் மற்றொன்றை ஒல்லியாகவும் காட்டியது. ஹயபூசாவை ஒல்லியாக்குவதற்காக ஜப்பானியர்கள் விட்டுவிட்ட பொருள்கள் பல. கனத்த கவசத் தகடுகளை விட்டார்கள், துப்பாக்கிகளைக் குறைத்தார்கள், உலோகத்தையும் முடிந்த மட்டும் மெல்லியதாக்கினார்கள். வேகமாகக் குத்தி இறங்கும்போது அதன் இறக்கையில் விரிசல் கண்டதும் உண்டு. அழகான உடல்தான், ஆனால் விமானியின் உயிரைப் பணயம் வைத்துப் பெற்ற அழகு. பஃபலோ ஓட்டியவர்களோ மறுபக்கத்திலிருந்து அதே கணக்கைப் போட்டார்கள். கனத்த துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு இலேசானவற்றை மாட்டிப் பார்த்தார்கள். பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு பறந்தார்கள்.

பஃபலோவின் தோற்றத்தைப் பார்த்து அதைக் குப்பை என்று தள்ளுவது நியாயமில்லை. பின்லாந்து அதே விமானத்தின் இலேசான வகையில் 44 வாங்கி, சோவியத் விமானங்களுக்கு எதிராக வருடக்கணக்கில் வெற்றிகரமாகப் பறக்கவிட்டது. அந்த நாட்டு விமானிகளுக்கு அதன்மீது பாசமே இருந்தது. அங்கே குளிர்ந்த காற்று, இலேசான உடல், பழகிய கைகள். இங்கே வெப்பக் காற்றில் இன்ஜின் திணறியது. ஓட்டியவர்களில் பலர் அப்போதுதான் பயிற்சி முடித்தவர்கள்.

பினாங்கு வானில் இந்த வேறுபாட்டை உடம்பால் அனுபவித்தவர் ஒருவர் இருந்தார், டிம் விகர்ஸ். 1940-ல் இங்கிலாந்து வானில் ‘ஸ்பிட்ஃபயர்’ ஓட்டியவர். தன் விமானத்தின் மூக்கில் அயர்லாந்தின் மூவர்ணக் கொடியை வரைந்துகொண்டவர். 1941 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் 453-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அவர்தான் தற்காலிகத் தலைவர். வயது 20. டிசம்பர் 13-ஆம் தேதி, தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த பட்டர்வொர்த் விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்த பஃபலோக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, எதிரே பெருங்கூட்டமாக வந்த ஜப்பானிய விமானங்களை நோக்கி ஏறினார். பெட்ரோல் டாங்கியில் குண்டு பட்டுத் தீப்பிடித்தது. பாராசூட்டில் குதித்தவரை வானிலேயே சுட்டார்கள். எரிந்த உடம்போடு பினாங்குக் குன்றுகளின் காட்டில் விழுந்தார். மலாய்க்காரர்கள் கண்டு கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதே வாரத்தில் ஐரோப்பியர்கள் இரவோடு இரவாகத் தீவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். தீவில் எதிர்க்க யாருமில்லை என்று வானொலியிலும் அறிவிக்கச் செய்தார். குண்டுவீச்சை நிறுத்த அந்த வெள்ளைத் துணிதான் வழி. டிசம்பர் 19-ல் ஜப்பானியர் உள்ளே வந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பினாங்கு உள்ளிட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் மக்கள் போர் நிதிக்குப் பணம் கொடுத்தார்கள். அதற்கு நன்றியாக இங்கிலாந்தில் இருந்த 97-ஆம் ஸ்குவாட்ரனுக்கு அந்தப் பெயரே சூட்டப்பட்டது. சென்னை மாகாணமும் அப்படிக் கொடுத்தது. 264-ஆம் ஸ்குவாட்ரன் ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ என்ற பெயரோடு ‘டிஃபயன்ட்’ விமானங்களில் இங்கிலாந்து வானில் சண்டை போட்டது. நம் ஜனங்கள் கொடுத்த காசு அங்கே இறக்கையாக மாறியது. பினாங்குக்கு மேலே டிசம்பர் 11-ல் ஒன்றும் இல்லை.

ஸ்பிட்ஃபயர் மலாயாவுக்கு வந்தது போர் முடிந்த பிறகு, 1945 செப்டம்பரில். சண்டை விமானங்களில் எது அழகு என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். நீள்வட்டமாக வளைந்து நுனியில் மெலியும் அந்த இறக்கை அழகுக்காக வரையப்பட்டதல்ல. இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் எட்டுத் துப்பாக்கிகளும் மடங்கும் சக்கரமும் அதற்குள் அடங்க வேண்டும். அதை வடிவமைத்த மிட்செலும் அவருடைய குழுவினரும் இந்தச் சிக்கலுக்குக் கண்ட விடைதான் அந்த வளைவு. இங்கே வந்தது பிற்காலத்து வகை: நீண்ட மூக்கு, ஐந்து அலகு சுழலி, 1936-ல் முதலில் பறந்ததைவிட முரட்டு முகம். பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர்கள் கடைசியாகத் தாக்குதலுக்குப் பறந்ததும் மலாயாவில்தான், 1951 ஜனவரி 1-ல், அவசரகாலத்தின்போது.

தோற்றம் உயிர்ப் பிரச்சினை என்பதைப் படைகள் போர் முடிவதற்குள்ளேயே நன்றாகப் படித்துவிட்டிருந்தன. பிரிட்டிஷ் விமானச் சின்னத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டு ஜப்பானியச் சூரியனோடு குழம்பியதால், தென்கிழக்கு ஆசியாவில் அதை எடுத்துவிட்டு நீலத்தில் இரண்டு சாயல் மட்டும் வைத்தார்கள். வட்ட மூக்கு உள்ள ‘தண்டர்போல்ட்’ விமானங்களின் மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் நண்பன் சுட்டுவிடக் கூடாது.

பிறகு பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலியர்களின் ‘சேபர்’ 1958-ல் வந்தது, அதையடுத்து ‘மிராஜ்’ வந்தது. சுழலி போயிற்று. இறக்கை பின்னால் சாய்ந்தது, அப்புறம் முக்கோணமாயிற்று. 1997 முதல் அங்கே இருப்பவை மலேசிய விமானப்படையின் ‘ஹார்னெட்’கள். வெளிப்பக்கம் சாய்ந்த இரண்டு வால்கள். விமானி அறையின் இருபுறமும் இறக்கையிலிருந்து முன்னோக்கி நீளும் மெல்லிய தகடு. மூக்கை மிக உயரத் தூக்கினாலும் விமானம் விழாமல் இருக்க அந்தத் தகடுதான் காற்றைச் சுழற்றிக் கொடுக்கிறது. நிறம் கருஞ்சாம்பல். மூக்கில் கொடி வரைகிற காலம் போய், கண்ணில் படாமல் இருப்பதே முகமாகிவிட்டது. இன்றைய போரில் எதிரி யார் என்று சொல்வது பெரும்பாலும் மின்னணுக் கருவிகள்தான்.

பாயான் லெப்பாஸோ 1972-க்குப் பிறகு வேறு ஊர். இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்து வயல்கள் தொழிற்பேட்டையாயின. டொராடோ தபால் சுமந்த திடலிலிருந்து இன்று மின்னணுப் பொருள்கள் போகின்றன. இறங்கி ஏறும் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் இரண்டே குடும்பம், ஏர்பஸ் 320-ம் போயிங் 737-ம். ஒன்றின் மூக்கு உருண்டை; மற்றதன் மூக்கு கொஞ்சம் கூர், வால் தொடங்கும் இடத்தில் முதுகிலிருந்து ஒரு சாய்வு எழும்பும். ஓடுபாதைக்கு வெளியே கைப்பேசியோடு நிற்கும் பையன்கள் இதைக் கண நேரத்தில் சொல்லிவிடுகிறார்கள். 1941-ல் ஊருக்கே இல்லாத கண் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இருக்கிறது.

அந்தக் கண்ணுக்குப் பழையவற்றையும் காட்ட வேண்டும். முழுதாக எஞ்சியிருக்கும் பஃபலோ உலகத்தில் ஒன்றுதான். ரஷ்ய ஏரியொன்றின் அடியிலிருந்து 1998-ல் எடுத்தது, இப்போது பின்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்திலேயே, பத்து மாவுங் குன்றில், பிரிட்டிஷ்காரர்கள் கட்டிய கோட்டை போர் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே பஃபலோவையும் ஹயபூசாவையும் பக்கவாட்டு உருவமாக முழு அளவில் வரைந்து, கீழே விகர்ஸ் பெயரையும் சரவணமுத்து பெயரையும் தமிழிலும் எழுதி வைக்கலாம். ஒன்றின் நீளம் 8 மீட்டர், மற்றதன் நீளம் 9 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஒரு சுவர் போதும்.