சாயல் சென்ட் வாங்கலாமா?

வைகாசி கருடசேவை முடிந்த வாரத்தில், கழுத்தில் தடிப்பும் அரிப்புமாகச் சிலர் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவதுண்டு. திருவிழாக் கடையில் வாங்கிய சென்ட் என்பார்கள். "விலை மலிவாயிற்றே, அதனால்தான்" என்று தீர்ப்பையும் அவர்களே கூறிவிடுவார்கள். அத்தீர்ப்பு பாதிதான் சரி.

புகழ்பெற்ற ஒரு சென்ட்டின் மணத்தை ஒத்ததாகத் தயாரித்து, தன் சொந்தப் பெயரில் விற்பது ஒரு வகை. இது சாயல். பிறருடைய பெயரையும் குப்பியையுமே நகலெடுத்து விற்பது போலி. சாயலை நான் குறை கூறமாட்டேன். அதற்கு மணம் தரும் லினலூல், லிமோனீன், ஜெரானியால் போன்றவை பல்லாயிரம் ரூபாய்க் குப்பியிலும் இருப்பவைதாம். லினலூல் நம் மல்லிகையிலும் உண்டு. அவற்றை ஏற்காத தோலுக்கு இரண்டும் ஒன்றே. இயற்கை அத்தருக்கும் இதில் விலக்கு இல்லை. சாயலின் மணம் பெரும்பாலும் விரைவில் கலைந்துவிடும். அது பொருட்டில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

போலியில் என்ன கலந்திருக்கிறதென்று யாராலும் கூற இயலாது. எத்தனாலுக்குப் பதிலாக நச்சுத்தன்மையுள்ள மெத்தனால் கலந்த சென்ட்டுகள் வெளிநாடுகளில் பிடிபட்டுள்ளன. நம் நாட்டில் தயாரான குப்பியானால், 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி விவரம் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கில் பதிவுச் சான்றிதழ் எண்ணைத் தேடுங்கள். இவை இல்லாதது பத்து ரூபாய்க்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

கடையில் மணிக்கட்டில் தெளித்து முகர்வது மணத்துக்கான சோதனை, தோலுக்கானது அன்று. ஒவ்வாமை இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். முழங்கையின் உட்புறத்தில், ஒரே இடத்தில், நாளுக்கு இருமுறை ஒரு வாரம் தடவிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

தோலில் படாமல் துணியில் தெளியுங்கள் என்று அறிவுரை கூறுவது என் வழக்கம். நெசவாளர் வீட்டு அம்மையார் ஒருவர் என்னைத் திருத்தினார்: "பட்டுல அடிச்சா கறை விழுந்துடும் டாக்டர், ஜரிகையும் கறுத்துப் போயிடும்." அன்றிலிருந்து பருத்திக் கைக்குட்டை என்று சேர்த்துச் சொல்கிறேன்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு எந்த விலைச் சென்ட்டும் இளைப்பைத் தூண்டலாம். ஆகவே நோயாளியைப் பார்க்க வார்டுக்கு வரும் நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தடிப்பு வந்துவிட்டால் குப்பியை வீசிவிடாமல், அட்டைப் பெட்டியோடு மருத்துவரிடம் எடுத்து வாருங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தேடத் தொடங்குவது அங்கிருந்துதான்.