குதிரைக்கு முன், குதிரைக்குப் பின்

ஜப்பானிய மொழியில் 'காலை ஒன்பது மணி' என்று எழுத வேண்டுமானால் ஒரு குதிரையைத் தாண்டாமல் முடியாது. நாம் ஏ.எம்., பி.எம். என்று சுலபமாகச் சொல்லிவிடுவதை அவர்கள் 'கோஸென்', 'கோகோ' என்கிறார்கள். முதலில் வரும் 'கோ' சீன ராசிச் சக்கரத்துக் குதிரை. 'ஸென்' என்றால் முன். 'கோகோ'வின் இரண்டாவது 'கோ' வேறு எழுத்து, அதற்குப் பின் என்று அர்த்தம். ஆக, ஆபீஸ் திறப்பது குதிரைக்கு முன் ஒன்பது. மாட்னி ஷோ குதிரைக்குப் பின் இரண்டரை. பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை அந்தக் காலத்தில் குதிரை வேளை. குதிரை போய் ரொம்ப நாளாச்சு, எழுத்து மட்டும் லாயத்தில் நிற்கிறது.

இந்தக் குதிரைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கோட்டில் இருக்கிறது. நடுக்கோடு மேலே தலை நீட்டினால் மாடு, நீட்டாவிட்டால் நண்பகல். பேனா அரை மில்லிமீட்டர் வழுக்கினால் 'மாட்டுக்கு முன் ஒன்பது மணி' ஆகிவிடும்!

இந்தப் பட எழுத்துக்களுக்குப் பெயர் கான்ஜி. ('கஞ்சி' என்று படித்து ஊறுகாய் தேட வேண்டாம்.) அன்றாட உபயோகத்துக்கென்று அரசாங்கப் பட்டியலில் இருப்பவை 2136. பயப்படாதீர்கள், மணியும் தேதியும் படிக்க இருபது சொச்சம் போதும். அங்கே ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் கற்றுக்கொள்வதுதான்.

எனக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? என் அக்கா பெண் நர்சிங் முடித்தவள். முதியோரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு ஜப்பான் போக ஆயத்தமாகிறாள். 2019-ல் அந்த அரசு இது போன்ற வேலைகளுக்கென்று புதுசாக ஒரு விசாவைக் கொண்டுவந்தது. பாஷையில் பாஸானால்தான் பயணம். சாயங்காலமானால் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, "ஒண்ணொண்ணாக் காட்டுங்க மாமா" என்பாள். காட்டிக் காட்டி எனக்கும் பாதி வந்துவிட்டது.

நடுவில் குறுக்குக் கம்பி போட்ட ஜன்னல் போல ஒன்று. அது சூரியன், 'நாள்' என்றும் அர்த்தம். அதே ஜன்னலுக்குக் கால் முளைத்து, கம்பி இரண்டானால் சந்திரன், மாதம். சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோயிலைக் கட்டினால் மணி. கோயில் அங்கே உச்சரிப்புக்காகத்தான் நிற்கிறது என்கிறார்கள் பண்டிதர்கள். கோயில் மணி அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது. பண்டிதர்கள் மன்னிக்கட்டும். நிமிஷத்துக்கு, பிரிப்பதைக் குறிக்கும் இரண்டு கோடும் கீழே ஒரு கத்தியும். மணியைக் கத்தியால் நறுக்கினால் நிமிஷம். நியாயம்தானே!

கிழமைகளில்தான் நமக்கும் அவர்களுக்கும் சொந்தபந்தம் தெரிகிறது. ஞாயிற்றில் தொடங்கி சூரியன், சந்திரன், நெருப்பு, நீர், மரம், பொன், மண். செவ்வாய் கிரகத்துக்கு அங்கே நெருப்பு நட்சத்திரம் என்று பெயர். புதன் நீர், வியாழன் மரம், சனி மண். நம்ம ஊர் வெள்ளி அங்கே பொன்! (இந்த மாற்றை அடகுக் கடைக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.) இது தற்செயல் அல்ல. இந்திய ஜோதிடம் சொல்லும் நூல் ஒன்று சீன மொழிக்குப் போக, கூகாய் என்ற துறவி 806-ல் சீனாவிலிருந்து திரும்பும்போது அதைக் கையோடு கொண்டுபோனார். அதன் பிறகு பல நூறு வருஷம் கிழமைகள் பஞ்சாங்கத்துக்குள்ளேயே தூங்கின. 1876-ல்தான் அரசாங்க ஆபீஸ்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு வந்தது.

இன்னொன்று. நிலா, மாதம், வாரத்தில் ஒரு நாள் மூன்றுக்கும் அவர்களுக்கு ஒரே எழுத்து என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. நமக்கும் ஒரே சொல்தான், திங்கள்! இதைச் சொன்னதும் அக்கா பெண் அந்த அட்டையைக் கட்டிலிருந்தே எடுத்துவிட்டாள். இனிமேல் மறக்காதாம்.

வில்லன், தேதிதான். மாதங்கள் பரமசாது: ஒன்றாம் மாதம், இரண்டாம் மாதம் என்று எண்ணிக்கொண்டே போகலாம். தேதியில் முதல் பத்தும் தனி அகராதி. ஒன்றாம் தேதி 'ட்சுயிதாச்சி', அதாவது 'நிலா கிளம்புவது'. இருபதாம் தேதி 'ஹாட்சுகா'. நாலாம் தேதி 'யொக்கா', எட்டாம் தேதி 'யோகா'. (ஆசனம் அல்ல!) டாக்டர் வரச் சொன்னது நாலா, எட்டா என்பது ஒரு 'க்'கில் தொங்குகிறது. போதாக்குறைக்கு, ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு சத்தம் போடும். ஞாயிற்றுக்கிழமை 'நிச்சியோபி'. அதில் தலையில் 'நிச்சி'யாக இருக்கும் அதே ஜன்னல், வாலில் 'பி'.

இந்த மாதக்கணக்கு அவர்களுக்கு வந்த கதை வேறு. 1872 வரை சந்திரனை ஒட்டிய பஞ்சாங்கம்தான். அடுத்த வருஷம் அதன்படி அதிக மாதம் வருகிறது, மொத்தம் பதின்மூன்று. சம்பளமோ மாதா மாதம், கஜானாவோ காலி. ஒரு மாத அவகாசம்கூடத் தராமல் உத்தரவு போட்டார்கள். பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்தது, மறுநாள் 1873 ஜனவரி 1! இரண்டு நாள் மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, பதின்மூன்றாவதும் கிடையாது. பி.காம். படித்தவனுக்குக் கைதட்டத் தோன்றுகிறது. அந்த ஊர் குமாஸ்தா வீட்டு அடுப்பை நினைத்தால்தான் கை நிற்கிறது.

வருஷமும் சும்மா இல்லை. சக்கரவர்த்திக்கு ஒரு சகாப்தம். 2019 மே 1 முதல் ரெய்வா, அதற்கு முன் 1989-லிருந்து ஹெய்செய், அதற்கு முன் ஷோவா. ஷோவா 1926 டிசம்பர் 25-ல் பிறந்தது, அதனால் முதல் வருஷத்துக்கு ஆயுள் ஏழே நாள். 1989-ல் கடைசி வருஷமான 64-க்கும் ஏழே நாள்! 2019-ல் பலருடைய டிரைவிங் லைசென்ஸில் 'ஹெய்செய் 33 வரை செல்லும்' என்று அச்சாகியிருந்தது. அப்படி ஒரு வருஷம் வரவே இல்லை. லைசென்ஸ் மட்டும் செல்லும், 2021 வரை.

அக்கா பெண்ணுக்கு இதெல்லாம் தமாஷ் அல்ல. மருந்து உறையில் 'ஷொகுஸென்' என்றால் சாப்பாட்டுக்கு முன், 'ஷொகுகோ' என்றால் பின். குதிரைக்கு முன்னும் பின்னும் நின்ற அதே எழுத்துக்கள்தான். சர்க்கரை உள்ள ஒரு பாட்டிக்கு இது மாறினால் என்னாகும் என்று நர்ஸுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாபகமறதி நோயைக் கண்டுபிடிக்க அங்கே ஒரு கேள்வித்தாள் உண்டு. ஹாசெகாவா கஸுவோ என்ற டாக்டர் 1974-ல் தயாரித்தது. ஆரம்பக் கேள்விகளில் ஒன்று, 'இன்று என்ன வருஷம், மாதம், தேதி, கிழமை?' 2017-ல் அந்த டாக்டரே தனக்கும் அந்த நோய் வந்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். 2021-ல் காலமானார்.

அந்தக் கேள்வியை இப்போது தினமும் என்னிடம் ஜப்பானிய மொழியில் கேட்டுப் பழகுகிறாள். பதில் சரியா என்று பார்க்க அவளுக்கு முதலில் பதில் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு தாத்தா "ஷோவா பத்தில் பிறந்தேம்மா" என்று சொன்னால், 1925-ஐக் கூட்டி 1935 என்று அந்த நிமிஷமே புரிய வேண்டும். கூட்டல் என் பொறுப்பு என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள். ஷோவாவுக்கு 1925, ஹெய்செய்க்கு 1988, ரெய்வாவுக்கு 2018. பெரிய எழுத்தில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று.