காலை நனைக்கலாம்... நீந்தக் கூடாது! - மாயா பே போகிறவர்கள் கவனத்துக்கு

தாய்லாந்தின் புக்கெட் போகிறவர்கள் பலரும் தவறவிடாதது, ஃபி ஃபி தீவுகளுக்கான ஒருநாள் சுற்றுலா. காலையில் ஹோட்டல் வாசலுக்கே வேன் வந்துவிடும். ஸ்பீட் போட்டில் ஏறினால், சுமார் ஒரு மணி நேரத்தில் தீவு. வழிகாட்டியும் மதியச் சாப்பாடும் பெரும்பாலும் பேக்கேஜிலேயே அடக்கம்.

எல்லோரும் ஆவலோடு காத்திருப்பது மாயா பே கடற்கரைக்குத்தான். சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், நடுவில் பச்சை நீர், வெள்ளை மணல். 2000-ல் லியோனார்டோ டிகாப்ரியோ நடித்து வெளியான 'தி பீச்' படம் இங்கே எடுக்கப்பட்டது. அதன்பின் கூட்டம் குவிந்தது. ஒரு கட்டத்தில் தினமும் 5,000 பேர் வரை வந்தார்கள். படகுகளும் நங்கூரங்களும் பவளப்பாறைகளைச் சிதைத்தன. 2018 ஜூனில் அரசு கடற்கரையையே மூடியது.

இடைப்பட்ட காலத்தில் பவளங்களை நட்டு வளர்த்தார்கள். துடுப்பின் நுனி கறுத்த சுறாக்கள் குட்டிகளோடு திரும்பின. 2022 ஜனவரியில் கடற்கரை மீண்டும் திறக்கப்பட்டது, கட்டுப்பாடுகளோடு!

இப்போது படகுகள் பின்பக்கமுள்ள லோ சாமா விரிகுடாவில்தான் நிற்கும். அங்கிருந்து மரப்பாதையில் நடக்க வேண்டும். முழங்கால் அளவு நீரில் நிற்கலாம், நீந்தத் தடை. நீந்த ஆசைப்படுபவர்களுக்கு அருகிலேயே பிலே லகூன் இருக்கிறது.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மாயா பே மூடியிருக்கும் என்பதால், தேதி பார்த்து டிக்கெட் போடுங்கள். தேசியப் பூங்கா கட்டணம் பேக்கேஜில் சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீனைத் தாய்லாந்தின் கடல் பூங்காக்களில் பயன்படுத்தினால் 1 லட்சம் பாட் வரை அபராதம் என்பதையும் மறக்காதீர்கள்!