காந்தம் கூட்டிய அவை

கற்றோர் கூடும் அவையினாற் பயன் யாது என வினவுவார் உளர். நூல் வீடு தேடி வருகின்றது. கட்டுரை கடல் கடந்து செல்கின்றது. பின்னர்ப் பல நாட்டறிஞர் பொருளுங் காலமுஞ் செலவிட்டு ஓரிடத்திற் கூடுவது எற்றுக்கு? இவ்வினாவுக்குத் தமிழ்ச் சங்கங்களைக் காட்டி விடை கூறுதல் எம்போல்வார்க்கு எளிது. இன்று அவ்வழியை விடுத்து, பௌதிகவியலார் காந்தவியல் பற்றிக் கூட்டிவரும் சர்வதேச மகாநாடுகளின் வரலாற்றிலே விடை தேடுவோம். அத்துறையில் யாம் மாணாக்கரே. எனினும் அவையின் இயல்பை அறிதற்குத் துறைவேற்றுமை தடையாகாது.

1930ஆம் ஆண்டிலே பிரசெல்ஸ் நகரிற் கூடிய ஆறாவது சொல்வே மகாநாடு காந்தவியலையே தனக்குப் பொருளாகக் கொண்டது. பிரெஞ்சு அறிஞர் லாஞ்சவென் தலைமை வகித்தார். அஃது அழைக்கப்பட்ட சிலர்க்கு மட்டுமே உரிய சிற்றவை. காந்தவியலுக்கெனத் தனியே ஒரு பேரவை 1939ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்திராஸ்பூர் நகரிலே கூடிற்று. அந்நகரிற் காந்த ஆராய்ச்சிக்கு நிலைக்களம் அமைத்த முதுபெரும் பேராசிரியர் பியர் வைசு அதற்கு நடுநாயகமாக விளங்கினார். அழைக்கப்பெற்றோருள் வத்திராயிருப்பிற் பிறந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணனும் ஒருவர். படிகமொன்றை மெல்லிய இழையிலே தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது திரும்பும் அளவைக் கொண்டு, திசைக்குத் திசை அதன் காந்த இயல்பு வேறுபடுதலை நுட்பமாக அளந்து புகழ்பெற்றவர் அவர். தமிழ், வடமொழி இலக்கியங்களிலும் தோய்ந்தவர்.

அவ்வவை கலைந்து நான்கு திங்கள் கழியுமுன்னரே போர் மூண்டது. ஸ்திராஸ்பூர் ஜேர்மனியின் எல்லையிலுள்ள நகரம். ஆதலின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பல்கலைக்கழகம் கிளர்மொன் பெரான் நகருக்குப் பெயர்ந்தது. வைசு 1940ஆம் ஆண்டு ஒக்டோபரில் லியோன் நகரிலே காலமானார். அவருடைய மாணாக்கர் லூயி நேயல், பகைவரின் காந்தக் கண்ணிவெடிகளினின்றும் பிரெஞ்சுக் கப்பல்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். நாடு வீழ்ந்தபின் அவர் ஆல்ப்சு மலைச்சாரலிலுள்ள கிரெனோபிள் நகரையடைந்து, ஆங்கே தம் ஆராய்ச்சியைப் புதிதாகத் தொடங்கினார். ஆசிரியர் மறைந்தார், அவர் வளர்த்த கல்வி மாணாக்கரோடு மலையேறிப் பிழைத்தது.

நேயல் கண்ட உண்மையும் ஈண்டு நினைக்கத்தக்கது. சில பொருள்களில் அணுதோறும் காந்தம் உண்டு. ஆயினும் அயலணுக்கள் எதிரெதிர்த் திசை நோக்கி நிற்றலால் புறத்தே காந்தம் தோன்றுவதில்லை. 1930களில் அவர் கூறிய இக்கருத்துக்கு நேர்ச்சான்று உடனே கிடைத்திலது. 1949இலே அமெரிக்க அறிஞர் நியூத்திரன்களைக் கொண்டு செய்த ஆய்வே அதனைக் கண்கூடாக்கியது. அடுத்த ஆண்டு கிரெனோபிளில் இப்பொருள் பற்றி அறிஞர் அவையொன்று கூடிற்று. 1958இல் மீண்டும் அங்கே கூடிய மகாநாட்டையே இன்று தொடரும் வரிசைக்கு முதலாகக் கொள்வர். 1961இற் கியோத்தோ, 1964இல் நொட்டிங்காம் என மூன்றாண்டுக்கொருமுறை அவை நாடு மாறிக் கூடிற்று. 1973இல் மொஸ்கோவும் அதனை வரவேற்றது. 1970இல் அது கிரெனோபிளுக்குத் திரும்பிய ஆண்டிலேயே நேயலுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. 2024இல் இத்தாலியின் பொலோஞாவிற் கூடியதும் இவ்வரிசையின் அவையே.

இனி, காந்தத்துக்குப் பகையென எண்ணப்பட்ட மீகடத்துதிறனை நோக்குவோம். 1911இலே லைடன் நகரிற் கமர்லிங் ஒன்னெசு, இரசத்தை 4.2 கெல்வின் அளவுக்குக் குளிரச் செய்தபோது, அதன் மின்தடை அறவே மறைந்தது. 1933இல் மைஸ்னரும் ஒக்சன்பெல்டும் இந்நிலையடைந்த பொருள் தன்னுள்ளிருந்து காந்தப் புலத்தை வெளியே தள்ளுதலைக் கண்டனர். கிரெனோபிளில் அவை கூடிய அதே 1958இல், இலந்தனம் என்னும் உலோகத்தில் நூற்றிலொரு பங்களவு காந்த அணுக்களைக் கலப்பினும் மீகடத்துதிறன் பெரிதும் குன்றும் என்பதை மத்தியாசு முதலியோர் வெளியிட்டனர். இவ்விரண்டும் ஓரிடத்து உறையா எனப் பலரும் துணிந்தனர்.

அத்துணிபு நிலைக்கவில்லை. 1979இலே ஸ்டெக்லிக் என்பாரும் அவர் குழுவினரும் காந்த இயல்புடைய சீரியம் நிறைந்த சேர்மமொன்றில் மீகடத்துதிறனைக் கண்டனர், பலர் ஐயுற்றனர். 1986இல் பெட்னோர்சும் முல்லரும் செப்பு ஒட்சைட்டு வகையொன்றிலே அதனினும் வியத்தகு மீகடத்துதிறனைக் கண்டபோது உலகமே திரும்பி நோக்கிற்று. அவ்வொட்சைட்டின் தாய்ப்பொருளோ, நேயல் கூறிய எதிரெதிர்க் காந்த ஒழுங்குடையது! 1988இற் சுவிற்சர்லாந்தின் இன்டர்லாக்கனில், மீகடத்துதிறனுடைய பொருள்களையும் அதன் காரணத்தையும் ஆராயப் புதியதொரு மகாநாட்டு வரிசை தோன்றிற்று. அதன் நான்காவது அவை 1994இற் கூடிய இடம் எது? நேயலின் கிரெனோபிளே! 2000ஆம் ஆண்டில், யுரேனியமும் ஜெர்மானியமுஞ் சேர்ந்த படிகமொன்றில், உயர்ந்த அமுக்கத்தின்கீழ், இரும்பினது போன்ற காந்தமும் மீகடத்துதிறனும் ஒருங்கே நிற்றலைக் கேம்பிரிட்ஜ், கிரெனோபிள் அறிஞர் உள்ளிட்டோர் வெளியிட்டனர். அவ்வாண்டு நவம்பரிலே நேயல் தமது தொண்ணூற்றாறாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

செப்பு ஒட்சைட்டிலே மீகடத்துதிறன் எழுதற்குக் காரணம் யாது என்பதில் இன்றும் அறிஞர் ஒருமைப்பட்டிலர். அதனாலேயே அவர்கள் மீண்டும் மீண்டும் கூடுகின்றனர். முடிந்த முடிபை நூலிற் படிக்கலாம். முடியாத வினாவுக்கோ எதிர்வாதியின் முகம் வேண்டும். தம் கொள்கையை மறுப்பவனோடு ஒரே மண்டபத்தில் அமர்ந்து, அவன் கூறுவதை இறுதிவரை கேட்கும் பொறுமையை அவை கற்பிக்கின்றது. நம் பாடசாலை இலக்கிய மன்றங்களில் உடன்பட்டோரை மட்டுமே மேடையேற்றும் ஆசிரியரும், கைதட்டலை மட்டுமே விரும்பும் மாணவரும் இதனைச் சிந்தித்தல் நன்று. பகையென்று விலக்கிய இரண்டினுள்ளும் உறவு மறைந்திருக்கலாம். அதனைக் காண்பதற்கு இருவரும் ஓரவையில் இருத்தல் வேண்டும்.