பெட்டியில் வந்தது போனா, சோப்புக் கட்டியா?

மிக்ஸியோ கிரைண்டரோ வாங்குவதென்றால் முன்பெல்லாம் அது ஒரு குடும்ப யாத்திரை! நல்ல நாள் பார்த்து, ராகு காலம் தவிர்த்து, கணவர், மாமியார், குழந்தைகள் சகிதம் கடைக்குப் போவோம். கடைக்காரர் நம் கண் முன்னால் பெட்டியைப் பிரிப்பார். பிளக்கில் சொருகி 'டர்ர்ர்' என்று ஓட்டிக் காட்டுவார். காரண்டி கார்டில் தேதி போட்டு, சீல் குத்தி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கைமாறும். ஒரு ஹாட் பாக்ஸாவது இலவசமாக வாங்காமல் கடைப்படி இறங்க மாட்டோம், அது வேறு கதை!

இப்போது? இரவு பதினொரு மணிக்குப் படுத்துக்கொண்டே போனில் ஒரு தட்டு. மூன்றாம் நாள் வாசலில் பெட்டி. சௌகரியம்தான், மறுக்கவில்லை. வெயிலில் அலைய வேண்டாம், ஆட்டோச் செலவு மிச்சம். கைக்குழந்தைக்காரிகளுக்கு வரப்பிரசாதம் என்றே சொல்லலாம். ஆனால் கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக் காட்டினாரே, அந்த ஒரு காரியம் நடுவில் காணாமல் போய்விட்டது. திருட்டு நுழைவது அந்தச் சந்தில்தான்.

பிரபலம், சாமானியர் என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது. 2018 டிசம்பரில் இந்தி நடிகை சோனாக்ஷி சின்ஹா 18 ஆயிரம் ரூபாய்க்குக் காதில் மாட்டும் ஹெட்போன் ஆர்டர் செய்தார். பெட்டிக்குள் இருந்தது துருப்பிடித்த இரும்புத் துண்டு! 2025 தீபாவளி சமயத்தில் பெங்களூருக்காரர் ஒருவருக்கு, ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல் விலையுள்ள மடக்கு போனுக்குப் பதிலாக டைல்ஸ் துண்டு வந்தது. நல்ல வேளை, அவர் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தார். பணம் திரும்பக் கிடைத்தது.

இவர்களுக்காவது தாங்குகிற வசதி உண்டு. எங்கள் தெருவில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கும் அக்காவுக்கு நடந்ததைக் கேளுங்கள். மகள் நர்சிங் காலேஜில் முதல் வருஷம். பாடமெல்லாம் போனில்தான் அனுப்புகிறார்களாம். ஓவர்லாக் மிஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்த 16,500 ரூபாயைப் போட்டு, தள்ளுபடியில் போன் ஆர்டர் செய்தாள். பெட்டி வந்தது. மகள் ஆசையாகப் பிரித்தாள். உள்ளே பாத்திரம் தேய்க்கிற சோப்பு இரண்டு, பழைய பேப்பரில் சுற்றி!

"வயித்துல அடிச்சுட்டாங்களே, அக்கா..." என்று என் வாசலில் வந்து உட்கார்ந்தவளுக்கு அன்று பூராவும் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அதே பையன் வேறு வீட்டுக்கு பார்சல் கொண்டு வந்தபோது தெருவே கூடிவிட்டது. பாவம், அவன் கண்ணில் தண்ணீர். "சத்தியமா நான் பிரிக்கலைக்கா. குடுத்த மூட்டையை அப்படியே தூக்கிட்டு வர்றேன். ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் எனக்குக் காசு" என்றான். எனக்கென்னவோ அவன் சொன்னது நிஜம் என்றுதான் பட்டது. பொருள் நம் வாசலுக்கு வருவதற்குள் விற்பவரின் கிடங்கு, பிரித்து அடுக்கும் மையம், லாரி, ஊர் ஆபீஸ் என்று எத்தனையோ கை மாறுகிறது. எந்தக் கை என்று கண்டுபிடிப்பது போலீஸின் வேலை. கண்ணில் பட்ட முதல் பையனைத் திருடன் என்று கட்டி வைப்பது நியாயமே அல்ல.

சோப்பு ஏன், செங்கல் ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? வழியில் பார்சலை எடை போடுகிறார்கள். எடை குறைந்தால் மாட்டிக்கொள்வான். அதனால் எடுத்த பொருளுக்குச் சமமாக ஏதாவது வைத்துவிடுகிறான். ஆகவே, கையில் தூக்கிப் பார்த்து "கனமாத்தானே இருக்கு" என்று சமாதானம் ஆகாதீர்கள்! ஒட்டுநாடாவைப் பாருங்கள். கம்பெனி பெயர் அச்சிட்ட நாடாவின் மேல் வெறும் பழுப்பு நாடா ஒட்டியிருக்கிறதா? மூலை நசுங்கியிருக்கிறதா? முகவரிச் சீட்டு ஒருமுறை உரித்து மறுபடி ஒட்டியது மாதிரி சுருங்கியிருக்கிறதா? நம் அக்காவின் பெட்டியில் இரட்டை நாடா இருந்தது. மகள் அதை போட்டோ எடுத்து வைத்திருந்ததுதான் பின்னால் கை கொடுத்தது.

சந்தேகமாக இருந்தால் வாங்கவே வேண்டாம். "எனக்கு வேண்டாம்ப்பா, திருப்பி எடுத்துட்டுப் போ" என்று சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. விலை உயர்ந்த போன், லேப்டாப் போன்றவற்றுக்கு 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' என்று ஒரு ஏற்பாட்டைப் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கின்றன. கொண்டு வருகிறவரே பெட்டியைப் பிரித்துக் காட்டுவார். நீங்கள் பார்த்துத் திருப்தியான பிறகு ஓ.டி.பி. எண்ணைச் சொன்னால் போதும். பழைய கடைக்காரர் வாசலுக்கே வந்த மாதிரி! ஆர்டர் போடும்போதே இந்த வசதி உண்டா என்று பாருங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் கூடுதலானாலும் அந்த இடத்திலேயே வாங்குவது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

"அக்கா, சீக்கிரம் நம்பரைச் சொல்லுங்க, இன்னும் நாப்பது வீடு இருக்கு" என்று பையன் பறப்பான். அவன் அவசரம் அவனுக்கு. ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள், மோர் கொடுங்கள். ஓ.டி.பி.யை மட்டும் பொருளைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்! அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், "பொருள் என் கைக்கு ஒழுங்காக வந்தது" என்று கையெழுத்துப் போட்ட மாதிரிதான்.

பிரித்துக் காட்டும் வசதி இல்லையென்றால் நாமே சாட்சி தயார் பண்ண வேண்டியதுதான். வீட்டில் ஒருவர் வீடியோ எடுக்க, ஒருவர் பிரிக்கட்டும். முதலில் மூடிய பெட்டியை ஆறு பக்கமும் திருப்பிக் காட்டுங்கள். முகவரிச் சீட்டில் உள்ள ஆர்டர் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு நாடாவை வெட்டி, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து வைக்கிற வரை கேமராவை நிறுத்தவே கூடாது. நடுவில் நிறுத்தினால், "அந்த நேரத்தில் நீங்களே மாற்றியிருக்கலாமே" என்று கேட்பார்கள். மகன் ஆர்வக்கோளாறில் சினிமாப் பாட்டெல்லாம் சேர்த்து வெட்டி ஒட்டித் தருகிறேன் என்பான். வேண்டவே வேண்டாம்! எடுத்தது எடுத்தபடி இருக்கட்டும்.

போன் என்றால் இன்னொரு விஷயம். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் ஒன்று உண்டு, நம் ரேஷன் கார்டு எண் மாதிரி. இரண்டு சிம் போடுகிற போனுக்கு இரண்டு எண் இருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். போனை இயக்கி *#06# என்று அடித்தால் திரையிலும் வரும். எல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று ஒத்துப் பாருங்கள். பழைய போனைப் புதுப் பெட்டியில் வைத்து அனுப்புகிற கில்லாடிகளும் உண்டு. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று மூன்று எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, இந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது என்ன மாடல் போன் என்ற விவரம் வரும். இந்த எண்ணை டைரியிலும் எழுதி வையுங்கள். நாளைக்குப் பஸ்ஸில் போன் பறிபோனாலும், 2023-ல் மத்திய அரசு தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' மூலம் அதை முடக்க இந்த எண் வேண்டும். கூடவே போலீஸ் புகாரின் நகலும் வேண்டும்.

இனி, ஏமாந்த பிறகு என்ன செய்வது? அக்காவும் மகளும் செய்ததையே சொல்கிறேன். சோப்பு, பெட்டி, நாடா, சீட்டு எதையும் குப்பையில் போடவில்லை. (ஆத்திரத்தில் அந்தச் சோப்பில் பாத்திரம் தேய்த்துவிடாதீர்கள், அது சாட்சி!) அன்றைக்கே புகார் பதிவு செய்தார்கள். நான்காம் நாள் பதில் வந்தது: "எங்கள் விசாரணையில் சரியான பொருளே அனுப்பப்பட்டது. பணம் தர இயலாது." பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுவார்கள். விடக்கூடாது!

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இந்தக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட்டிருக்க வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று அவர் பதில் தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மகள் அந்த அதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். திட்டு, சாபம் எதுவும் இல்லை. தேதி, ஆர்டர் எண், நடந்தது, போட்டோக்கள், அவ்வளவுதான். அக்கா ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்தாள். பில்லில் இருந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் புகாரில் எழுதினாள். அந்த போனில் யாராவது சிம் போட்டால் போலீஸார் தேட முடியுமே! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசிப் புகார் எண் வாங்கினாள். தமிழிலேயே பேசலாம். இருபத்தி மூன்றாம் நாள் 16,500 ரூபாய் பேங்க் கணக்குக்கு வந்தது. அதுவரை மகள் அம்மாவின் உடைந்த போனில்தான் படித்தாள்.

அப்படியும் வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் டில்லியில் இருந்தாலும், 2019-ம் வருஷச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் 'இ-ஜாக்ரிதி' என்ற தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. தவணையில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். கம்பெனிமேல் உள்ள வழக்கு வேறு, பேங்க் கடன் வேறு. உங்கள் பெயர்தான் கெடும். கிரெடிட் கார்டு என்றால், பொருள் வரவில்லை என்று பேங்குக்கும் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.

பணத்தைத் திரும்ப வாங்கும் அவசரத்தில் இன்னொரு குழியில் விழுபவர்கள் ஏராளம். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடி, முதலில் வருகிற எண்ணுக்குப் பேசுவார்கள். எடுப்பவன் தேனாகப் பேசுவான். "மேடம், பணம் திரும்ப அனுப்பறோம், இந்த ஆப்பைப் போடுங்க, பின் நம்பரை அழுத்துங்க" என்பான். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடத் தேவையே இல்லை! உதவி எண்ணை ஆர்டர் செய்த ஆப்புக்குள்ளிருந்தே எடுங்கள். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் ஆர்டர் செய்யாத பார்சலை நீட்டி, "அப்ப கேன்சல் பண்ண ஓ.டி.பி. சொல்லுங்க" என்று கேட்டாலும் இதே கதைதான். சொல்லாதீர்கள். கதவைச் சாத்துங்கள்.

வேலைக்குப் போகிற பெண்கள், வீட்டில் யாராவது இருக்கிற நாளாகப் பார்த்து டெலிவரி தேதியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது ஆபீஸ் முகவரி கொடுங்கள். செருப்பு ஸ்டாண்டிலும் மீட்டர் பெட்டி மேலும் வைத்துவிட்டுப் போகச் சொல்வது ஆபத்து. வாட்ச்மேனிடம் கொடுப்பதென்றால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற வழக்கத்தைக் குடியிருப்பில் கொண்டு வாருங்கள். அவருக்கும் அது பாதுகாப்பு. பொருள் வராமலே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று செய்தி வந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே புகார் செய்யுங்கள்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிகிற வரை பரண்மேல் போட்டு வையுங்கள். பிறகு தூக்கிப் போடும்போது, பெயரும் விலாசமும் போன் நம்பரும் உள்ள சீட்டைக் கிழித்துவிட்டு, அட்டையை மடக்கிப் பழைய பேப்பர்காரரிடம் போடுங்கள். புது டி.வி. பெட்டியை முழுசாக வாசலில் சாத்தி வைத்தால், இந்த வீட்டில் புது டி.வி. இருக்கிறது என்று தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி!