கணிப்பொறியிடம் கேட்டுப் பெறும் முறை

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலர், ஊருக்குப் புறப்படுங்கால் இரயில் நிலையத்து முன்பதிவுச் சாளரத்தின் முன் நின்றவர்களே. படிவத்தை நிரப்பி நீட்டுகிறோம். உள்ளே புகுந்து சீட்டை நாமே எடுத்துக்கொள்ள இயலாது. இடம் இருப்பின் சீட்டு வரும். இல்லையெனில் படிவம் திரும்பும். கைக்கு வந்தது எது என்று பாராமலே வண்டி ஏறுபவரை என்னென்பது? நிரல் எழுதுவோரில் பலர் இவ்வாறே நடக்கின்றனர்.

நிரல் எதுவும் தானாகவே வட்டைத் தொடுவதில்லை. கோப்பைத் திறக்க, படிக்க, எழுத, நீக்க, ஒவ்வொன்றுக்கும் இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவ்விண்ணப்பமே ‘சிஸ்டம் கால்’. முறைமை அழைப்பு எனலாம். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். பின்னர் ரிட்சி சி மொழியை உருவாக்க, 1973இல் யூனிக்ஸின் உட்கரு அம்மொழியிலேயே திருத்தி எழுதப்பெற்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வழியில் வந்ததே. எனவேதான் இவ்வழைப்புகளைப் பயில்வதற்குச் சி மொழி பெரிதும் ஏற்றதாகிறது.

பயிற்சிக்கு ஒரு சிறு நிரலை எடுத்துக்கொள்வோம். திரையில் ஐந்து வரிகள் கொண்ட பட்டியல் தோன்றும்: 1. கோப்பு உருவாக்கு, 2. காட்டு, 3. நகலெடு, 4. நீக்கு, 5. வெளியேறு. பயனர் எண்ணைத் தருவார். ‘ஸ்விட்ச்’ கட்டளை அதற்குரிய பகுதிக்கு அனுப்பும். பணி முடிந்ததும் பட்டியல் மீண்டும் தோன்றும். இங்கே ஓர் எச்சரிக்கை. எண்ணை ‘ஸ்கேன்எஃப்’ கொண்டு வாங்கினால், பயனர் தவறி ஓர் எழுத்தை அழுத்தியதும் அவ்வெழுத்து உள்ளீட்டிலேயே தங்கிவிடும். பட்டியல் ஓயாது ஓடும். ‘எஃப்கெட்ஸ்’ கொண்டு முழு வரியையும் வாங்கி, பின்னர் எண்ணாக மாற்றுதலே நலம்.

இனி அழைப்புகளைக் காண்போம். ‘ஓப்பன்’ வெற்றியுற்றால் ஒரு சிற்றெண்ணைத் தரும். 0, 1, 2 ஆகியவை உள்ளீடு, வெளியீடு, பிழைச்செய்தி ஆகியவற்றுக்கு முன்பே உரியவை. ஆகவே நாம் முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். தோல்வியுற்றால் -1 வரும். காரணம் ‘எர்னோ’ என்னும் மாறியில் இருக்கும். லினக்ஸில் 2 என்றால் கோப்பு இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் வட்டில் இடமில்லை. ‘பிஎரர்’ என்னும் செயற்கூறு இக்காரணத்தைச் சொற்களாகவே அச்சிட்டுக் காட்டும்.

புதுக் கோப்பு உருவாக்கும்போது, அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் என் செய்வது? ‘கிரியட்’ என்னும் அழைப்பு அதன் உள்ளடக்கத்தை வினவாமலே வெறுமையாக்கிவிடும். ‘ஓப்பன்’ அழைப்புடன் ‘ஓ_கிரியட்’, ‘ஓ_எக்ஸ்கிள்’ என்னும் இரு குறிகளையும் சேர்த்தால், பழைய கோப்பைத் தொடாமல் பிழை கூறித் திரும்பும்.

நகலெடுத்தலே மிகுந்த கவனத்துக்கு உரியது. ‘ரீட்’ 4096 பைட்டுகளைக் கேட்டால், குறைவாகவும் தரலாம். 0 தந்தால் கோப்பு முடிந்தது. யூடிஎஃப்-8 முறையில் ‘அம்மா’ என்னும் சொல் 15 பைட்டுகள் கொள்வது. ஆகவே தமிழ்க் கோப்பில் ஒரு பகுதி எழுத்தின் நடுவிலேயே அறுபடலாம். எல்லாப் பைட்டுகளும் வரிசையாக எழுதப்பெற்றால் கேடில்லை. ஆனால் ‘ரைட்’ என்பதும் கேட்டதைவிடக் குறைவாக எழுதலாம். எஞ்சியதை எழுத மீண்டும் அழைக்க வேண்டும்.

இதை நான் இழப்பின் வாயிலாகவே கற்றேன். மொழிபெயர்ப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்து, மூலத்தை நீக்கும் நிரல் ஒன்று எழுதினேன். ‘ரைட்’ தந்த விடையை நான் பார்க்கவில்லை. வட்டு நிரம்பியிருந்தது. ‘நகல் முடிந்தது’ என்று திரை அறிவித்தது. அவ்வரியை எழுதியவனும் நானே. மறுநாள் திறந்தபோது பாதிப் பக்கங்களே இருந்தன, மூலமோ போயிற்று. கெர்னல் உண்மையைச் சொல்லியிருந்தது, நான்தான் கேளாதிருந்தேன்.

நீக்குதற்குரிய ‘அன்லிங்க்’ அழைப்பில் குப்பைத்தொட்டி என்பதே இல்லை. ஆதலின், பட்டியலின் நான்காம் வரி, கோப்பின் பெயரைக் காட்டி ‘உறுதியா?’ என்று ஒருமுறை கேட்டல் வேண்டும். ‘குளோஸ்’ கூடப் பிழை கூறக்கூடும். அதன் விடையையும் பார்த்த பின்னரே ‘முடிந்தது’ என்று அறிவித்தல் முறை.

பட்டியல் அமைப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. சாளரத்திலிருந்து திரும்பி வந்ததைப் படித்துப் பார்க்கும் பழக்கமோ, நம்மை நம்பித் தம் கோப்புகளை ஒப்படைப்போருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.