மோட்டார் சைக்கிளும் வீட்டுக் கொட்டிலும்

தில்லியில் அரசாங்கக் குடியிருப்புகளில் வசிக்கும் நேயர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேட்டுப் பழகிய ஒலி ஒன்றுண்டு. கீழே வரிசையாகக் கட்டப்பட்டுள்ள ஸ்கூட்டர் கொட்டில்களுள் ஏதேனும் ஒன்றின் இரும்புக் கதவு திறக்கும் ஒலியே அது. சற்று நேரத்தில் பழைய புல்லட் ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு வரப்படும். அண்டை வீட்டார் இருவர் மூவர் வந்து நிற்பர். வந்தவர்கள் வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கொட்டிலினுள்ளே எட்டிப் பார்ப்பார்கள். சுவரில் அளவு வரிசையில் தொங்கும் ஸ்பானர்களும், தட்டில் பெயர் எழுதி அடுக்கிய டப்பாக்களும், பழைய கதவுப் பலகையில் செய்த பட்டறை மேசையும் வண்டியைவிட அதிகமாக அவர்களைக் கவருகின்றன. உடையவருக்கும் அதுவே பெருமை.

கராஜ் என்னும் சொல், நிழலில் ஒதுக்கி வைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. நம் ஊரில் மாட்டுவண்டி நின்ற வண்டிக்கொட்டில் இதே வேலையைத்தான் செய்தது. அலுவலகக் கோப்புகளில் நான் ‘வாகன நிறுத்தகம்’ என்று எழுதியதுண்டு. வீட்டில் அச்சொல்லைச் சொன்னால் எவருக்கும் விளங்குவதில்லை. ஆகவே இங்கு கொட்டில் என்றே சொல்லுவோம்.

இவ்வார்வத்தின் நடுநாயகமான புல்லட், ஒருவகையில் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்ததுதான். 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. சென்னையை அடுத்த திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டிகள் இராணுவத்துக்கும் காவல்துறைக்கும் சென்றன. பின்னர் நாடெங்கும் பரவின. மைசூரில் உருவான ஜாவா மற்றொன்று. 1970களில் எஸ்டி என்று பெயர் மாறிய அவ்வண்டியின் ஆலை 1996இல் மூடப்பட்டது. இவ்விரண்டையும் வைத்திருப்போர் இன்றும் பலர் உளர். பழைய வண்டிகளின் பொறி எளிமையானது. சாதாரண மனிதர் தம் கையாலேயே பிரித்துப் பார்க்கக்கூடியது. வீட்டுக் கொட்டில் பட்டறையாவதற்கு இதுவே முதற்காரணம்.

கொட்டிலைத் திருத்த எண்ணுவோர் பலர் முதலில் வாங்குவது கருவிகளை. அது தவறு என்பேன். முதலில் வேண்டுவது வெளிச்சம். பழைய புல்லட்டின் தீப்பொறியைத் தூண்டும் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நடுக்கூரையில் தொங்கும் ஒற்றை விளக்கின் கீழ் குனிந்தால், நம் தலையின் நிழலே அவ்விடத்தை மறைத்துவிடும். இரு பக்கச் சுவர்களிலும் விளக்கு அமைத்து, சுவருக்கு வெள்ளையடித்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சுவர்ப் பலகை. ஒவ்வொரு ஸ்பானரையும் பலகைமேல் வைத்து, அதன் உருவத்தை வண்ணத்தால் வரைந்துவிடுவது நல்ல வழக்கம். மாலையில் வேலை முடிந்ததும் வெறும் உருவம் ஏதேனும் தெரிந்தால், அக்கருவி வண்டியின் அடியிலோ பக்கத்து வீட்டுப் பையனின் கையிலோ இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். இப்பலகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய புல்லட்டில் விட்வொர்த் என்னும் ஆங்கில அளவுத் திருகாணிகள் இருக்கும். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த ஜாவாவுக்கு மெட்ரிக் அளவு. ஏறத்தாழப் பொருந்துகிறதே என்று மெட்ரிக் ஸ்பானரை விட்வொர்த் மரையில் மாட்டித் திருப்பினால், அதன் மூலைகள் மழுங்கிப்போகும். பிறகு எந்த ஸ்பானரும் அதைப் பிடிக்காது. இரு கூட்டத்தையும் இரு பலகைகளில், இரு நிறங்களில் வைப்பவரே விவரமறிந்தவர். எத்தனை ஸ்பானர் இருக்கிறது என்று காட்டுவதைவிட, எது எதற்கு என்று தெரிந்து வைத்திருப்பதைக் காட்டுவதே அழகு.

இனிச் சொல்லப்போவது அழகைப் பற்றியதன்று. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகையால் மின்சாரப் பிளக்குகளைத் தரையருகே வைக்கலாகாது. இடுப்புக்கு மேல் வைக்கவேண்டும். கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுப் போகத் துளைகள் இருத்தல் அவசியம். விற்பனைக்கல்லாது சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. எனினும் சட்டம் தாங்குவதையெல்லாம் கொட்டில் தாங்காது. மேலே குடும்பங்கள் உறங்கும் கட்டடத்தில், வண்டியின் டாங்கியில் இருப்பது போதும். எண்ணெய்த் தீயின்மேல் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும். மணல் வாளி ஒன்றும் பொடி வகைத் தீயணைப்பான் ஒன்றும் வாசலருகே இருக்கட்டும்.

இதனினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் சேர்ந்துகொள்ளும். தில்லிக் குளிர் எத்தகையது என்பது நேயர்கள் அறிந்ததே. ஒரு ஜனவரி மாதக் காலையில் குளிருக்கு அஞ்சிக் கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பொறியை ஓடவிட்டு கார்புரேட்டரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தலை வலித்தது, காலையில் காப்பி குடிக்காததால் என்று நினைத்தேன். பிறகு கையிலிருந்த திருப்புளி நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனியவேண்டும் என்று தோன்றியதேயொழிய, குனிய இயலவில்லை. காப்பியைக் கையில் ஏந்திவந்த என் மனைவி கதவைத் திறந்திராவிட்டால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கே கதவைக் கழற்றி, பாதிக்குக் கம்பிவலை அடித்தேன். இப்போது பொறியை ஓட்டவேண்டுமென்றால் வண்டி வெளியே வரும்; மழையானால் வேலை மறுநாளைக்குப் போகும்.

அண்டைவீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி வேறான ஊரில், வாடகைக்கோ உத்தியோகத்தின்பேரிலோ வந்து குடியிருக்கும் நம்மீது வரும் முதற் புகார் பெரும்பாலும் எண்ணெயைப் பற்றியதாகவே இருக்கும். கழித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுதல் கூடாது. தட்டில் வடித்து, பழைய எண்ணெய் டப்பாவிலேயே அடைத்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கும் பழுதுபார்ப்பு நிலையத்தில் கொடுத்துவிடலாம்.

தலைநகர்ப் பகுதியில் இவ்வார்வத்துக்குச் சட்டச் சிக்கல் ஒன்றும் உண்டு. 15 ஆண்டு கடந்த வாகனங்கள் சாலையில் ஓடலாகாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் ஆணையிட்டது; 2018இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்று, 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும் தடுத்தது. பின்னரும் ஆணைகள் மாறி வந்திருப்பதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அவ்வப்போது கேட்டறிதல் வேண்டும். 2021இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்த பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வகுத்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கே அவ்வண்டியைச் சாலையில் ஓட்டலாம், அன்றாட உபயோகத்துக்கன்று. வண்டி பெருமாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்கவேண்டும் என்பது முக்கியமான நிபந்தனை.

இந்நிபந்தனையால் கழித்த உறுப்புகளுக்கும் மதிப்பு வந்துவிட்டது. அலங்காரத்துக்காகப் புது கைப்பிடி, புது மட்கார்டு, புது விளக்கு என்று மாற்றியவர்கள் இப்போது பழையவற்றைத் தேடிக் கரோல் பாக் கடைகளில் அலைகின்றனர். என் நண்பர் ஒருவரிடம் அவருடைய தந்தையாரின் 1968ஆம் ஆண்டுப் புல்லட் இருக்கிறது. தந்தையார் எந்த உறுப்பை மாற்றினாலும், கழற்றியதைத் துடைத்து, எண்ணெய் தடவி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, தேதியுடன் தமிழில் சீட்டு எழுதி ஒட்டிவைப்பாராம். அந்த டப்பாக்கள் ஐந்து இடமாற்றங்களைக் கடந்து, இப்போது நண்பரின் கொட்டிலில் மேல்தட்டில் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றுள் மூன்றைத் திறந்தார். முதல் டப்பாவிலேயே வண்டியோடு வந்த பழைய கார்புரேட்டர் இருந்தது. இன்னும் எட்டு டப்பாக்கள் திறக்கப்படாமல் இருக்கின்றன.